தலையைத் திருப்பிப் பார்க்கிற குடும்பம்

என் வீட்டுக்காரருக்கு உட்காரத் தெரியாது. கல்யாணமான புதிதில் இது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. சுறுசுறுப்பான மனுஷன் கிடைத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். போகப்போகத்தான் தெரிந்தது, அது சுறுசுறுப்பு இல்லை, ஒரு தவிப்பு. சாப்பாட்டுக்கு நடுவில் எழுந்து ஜன்னலைச் சாத்துவார். சாத்திய ஜன்னலைத் திறக்க மறுபடி எழுவார். செய்தித்தாளை நடந்துகொண்டே படிப்பார். பேருந்து டிப்போவில் அவருக்குப் பம்பரம் என்று பெயர். வைத்தவர் யாரோ, அளந்து பார்த்துத்தான் வைத்திருக்கிறார்.

இப்படிப்பட்டவர் அசையாமல் உட்கார்ந்த ஒரே இடம் டிரைவர் சீட். நகரப் பேருந்து ஓட்டினார். "நான் உக்காந்திருந்தாலும் ஊரு நகருதில்ல, அது போதும்" என்பார். அந்த சீட்டையும் ஒரு நாள் பிடுங்கிக்கொண்டார்கள்.

நிறுத்தத்திலிருந்து வண்டியை எடுக்கும்போது, பக்கவாட்டில் வந்த சைக்கிள்காரரை உரசிவிட்டார். முழங்கையில் தோல் போனதோடு அந்த ஆள் தப்பித்தார், புண்ணியம். விசாரித்தவர்களிடம் என் வீட்டுக்காரர் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "சத்தியமா அந்த இடத்துல யாருமே இல்லீங்க." குடித்திருக்கிறாரா என்று ஊதச் சொன்னார்கள். இவர் டீயைத் தவிர எதையும் தொடாதவர். கடைசியில் கண்ணாஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள்.

அங்கே ஒரு இருட்டறையில், கவிழ்த்த கிண்ணம் மாதிரி இருந்த கருவிக்குள் அவர் முகத்தை வைக்கச் சொன்னார்கள். நடுவில் இருக்கும் புள்ளியையே பார்க்க வேண்டும். ஓரத்தில் எங்கே வெளிச்சம் மின்னினாலும் கையிலிருக்கும் பொத்தானை அமுக்க வேண்டும். நான் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். பொத்தான் சத்தம் ஒன்றிரண்டு வந்தது, அப்புறம் வரவேயில்லை. "இன்னும் மெஷின ஆன் பண்ணலையாம்மா?" என்று கேட்டார். கருவியை இயக்கிக்கொண்டிருந்த பெண் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பாதிப் பரிசோதனை அதற்குள் முடிந்திருந்தது.

டாக்டரம்மா நல்ல மாதிரி. சுற்றி வளைக்காமல் சொன்னார். "கண்ணுக்குள்ள அழுத்தம் ஏறி நரம்பு செத்துக்கிட்டே வந்திருக்கு. வலி இருக்காது. ஓரத்துலேர்ந்து ஆரம்பிக்கும். நேரா பாக்குறது கடைசி வரைக்கும் நல்லா இருக்கும், அதனால யாருக்குமே தெரியாது. போனது போனதுதான். மிச்சத்தைக் காப்பாத்த மருந்து இருக்கு." அப்புறம் பேனாவை மூடிவிட்டுக் கேட்டார். "உங்க அப்பா எப்படி இறந்தாரு?"

மாமனார் சாலையைக் கடக்கும்போது வேன் மோதிப் போனவர். அந்த வேன்காரர் எங்கள் வாசலில் வந்து அழுதது எனக்கு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. ஹாரன் அடித்தேன், பெரியவர் நேரே பார்த்தபடி இறங்கி வந்தார், தலையைத் திருப்பவே இல்லை என்று தலையில் அடித்துக்கொண்டார். நாங்கள் யாரும் நம்பவில்லை. நான் வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

"இது ரத்தத்துல வர்றதுங்க. உங்க அப்பா வழியில யார் யார் இருக்காங்களோ எல்லாரையும் கண்ணக் காட்டச் சொல்லுங்க. சின்ன வயசுக்காரங்கள முதல்ல" என்றார் டாக்டரம்மா.

இவர் முதலில் எங்கள் மகனை இழுத்துக்கொண்டு போனார். அவனுக்கு ஒன்றும் இல்லை என்று வந்தது. நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். இவருக்கு மட்டும் மூச்சு சீராகவில்லை. டிப்போவில் இவரைப் பேருந்துகளுக்கு நேரம் சொல்லி அனுப்பும் கூண்டில் உட்கார வைத்துவிட்டார்கள். பம்பரத்தைப் பெட்டிக்குள் போட்டால் என்ன ஆகும்? வீட்டுக்கு வந்தாலும் கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடந்துகொண்டே இருப்பார்.

"அப்பா வழியில யாரோ இருக்காங்க. எங்கயோ ரோட்டக் கடந்துக்கிட்டு இருக்காங்க."

"இருந்தா என்ன பண்றது? உங்கப்பா ஒருத்தர் பேரையாவது சொல்லியிருக்காரா?"

சொன்னதில்லை. மாமனார் இளவட்டமாக இருக்கும்போது வீட்டை விட்டு வந்தவர். யார் கேட்டாலும் ஒரே பதில்தான்: பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்தேன், மீதிப் பாதியைச் சாப்பிட இனி போக மாட்டேன். எந்த ஊர், எந்தத் தெரு, எதுவும் கிடையாது. கொஞ்சம் மனசு இளகியிருந்த ஒரு நாள் மட்டும் என்னிடம் சொன்னார்: "எங்க ஆளுங்களக் கூட்டத்துல கூடக் கண்டுபிடிச்சிடலாம்மா. கண்ண உருட்டிப் பாக்க மாட்டாங்க. முழுத் தலையும் திரும்பும். அதுல ஒரு கம்பீரம் இருக்கும்."

அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு கிளம்பினார் என் வீட்டுக்காரர். ஊர் முழுக்க ஓடும் கண்டக்டர்களுக்கு ஒரு வேலை கொடுத்தார். டிக்கெட் வாங்கும்போது, கண்ணைத் திருப்பாமல் முழுத் தலையையும் திருப்பிப் பார்க்கிற ஆள் யார் ஏறினாலும், எங்கே ஏறினார், எங்கே இறங்கினார் என்று வந்து சொல்ல வேண்டும். உலகத்தில் எவனாவது சொந்தக்காரனை இப்படித் தேடியிருப்பானா? டிப்போவே சிரித்தது. ஆனாலும் கண்டக்டர்கள் பார்த்தார்கள். கூட்டத்தில் சில்லறைக்குச் சண்டை போடுவதற்கு நடுவில் இதுவும் ஒரு பொழுதுபோக்காக ஆகிவிட்டது அவர்களுக்கு.

முதலில் கிடைத்தவர் ஒரு வங்கிக் காவலாளி. இவர் என்னையும் இழுத்துக்கொண்டு அவர் வீட்டுக் கதவைத் தட்டி, "அண்ணே, நாம ரத்த சொந்தம்னு நினைக்கிறேன்" என்றார். அந்த மனுஷன் முழு உடம்போடு திரும்பி எங்களை முறைத்தார். கழுத்துப் பிடிப்பாம். தலையணை மாற்றியதிலிருந்து அப்படியாம். "கழுத்து வலியில உசிரு போகுது, சொந்தம் கொண்டாட வந்துட்டானுங்க" என்று கதவைச் சாத்தினார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இவருக்குச் சிரிப்பே வரவில்லை.

அப்புறம் நெட்டை என்று கூப்பிடும் கண்டக்டர் ஒருவர் வந்தார். "பம்பரம், கடைசி ஸ்டாப்புல இரும்புச் சாமான் கடை வெச்சிருக்காரு ஒருத்தர். சில்லறைய நீட்டுனா பாக்காம முன்னாடியே பாத்துக்கிட்டு நிப்பாரு. தோளத் தட்டுனா மெதுவா திரும்புவாரு, மந்திரி மாதிரி. ஒரு நிமிஷம் நீதான்னே நினைச்சிட்டேன்."

மறுநாளே போனோம். ஆணி, தாழ்ப்பாள், குழாய் என்று கூரை வரை அடுக்கிய கடை. கல்லாவில் இருந்தவர் இவரைவிடப் பத்து வயது மூத்தவராக இருப்பார். ஒரு ஆள் கேட்ட அளவு ஆணியைப் பின்னால் பார்க்காமலே கையை நீட்டிச் சரியான பெட்டியிலிருந்து அள்ளினார். அப்புறம் எங்கள் பக்கம் திரும்பினார். முதலில் முகவாய், அப்புறம் மூக்கு, அப்புறம் மொத்த முகமும் வந்து நின்றது. என் வீட்டுக்காரரும் அதே மாதிரி அவர் பக்கம் திரும்பினார். எதிரெதிரே வைத்த இரண்டு டேபிள் ஃபேன் மாதிரி நின்றார்கள். எனக்கு உடம்பு சிலிர்த்தது.

"என்ன வேணும்?" என்றார் கடைக்காரர்.

"உங்க வீட்டுலேர்ந்து யாராவது பாதிச் சாப்பாட்டுல எழுந்து போயிருக்காங்களா?" என்றார் இவர். கேட்கிற கேள்வியைப் பாருங்கள்!

கடைக்காரர் கல்லாவை விட்டு எழுந்தார். "எங்க தாத்தாவோட தம்பி பையன். தட்டத் தள்ளி வெச்சுட்டுப் போனவரு. நீ... நீ அவரு பையனா?"

"ஆமாண்ணே."

அவ்வளவுதான். கடைக்காரர் வெளியே வந்து இவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதார். இவருடைய தாத்தாவும் அவருடைய தாத்தாவும் கூடப்பிறந்தவர்கள். பக்கத்துக் கடைக்காரர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். "நம்ம ரத்தம்யா! திரும்புறதப் பாரு, திரும்புறதப் பாரு!" என்று இவரை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் திரும்பச் சொல்லிக் காட்டினார். பக்கத்து டீக்கடைக்காரர் மட்டும் என் காதுபடவே, "பங்காளி முளைச்சிட்டானா, கடைய எழுதி வாங்காம போக மாட்டான்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. "உங்க டீக்கடையையும் சேத்துத்தான் எழுதி வாங்கப்போறோம்" என்று சொல்லிவிட்டுத்தான் மறுவேலை பார்த்தேன்.

திரும்பி வரும்போது இவரைக் கேட்டேன். "சொல்லிட்டீங்களா?"

"எப்படிடீ சொல்றது? அழுதுக்கிட்டு இருக்கிற மனுஷன்கிட்ட."

அடுத்த சனிக்கிழமை வீட்டுக்கு வரச் சொல்லியிருந்தார்கள். அதுவரை இவர் பட்ட பாட்டை நான்தான் பார்த்தேன். சட்டையை மாட்டிக்கொண்டு, கண்ணாடி முன்னால் நின்று, "அண்ணே, ஒரு விஷயம்" என்பார். மறுபடி, "அண்ணே, தப்பா நினைக்கக் கூடாது" என்பார். அப்புறம் சட்டையைக் கழற்றிவிடுவார்.

நல்ல வீடு. எல்லாப் பொருளும் அதனதன் இடத்தில் அச்சடித்த மாதிரி இருந்தது. நாற்காலிகள் தரையில் குறி போட்டு வைத்ததுபோல் வரிசையாக நின்றன. "இவருக்கு ஒரு சாமான் இடம் மாறக் கூடாது, வீட்டையே ரெண்டாக்கிடுவாரு" என்று சிரித்தாள் கடைக்காரரின் மனைவி. நான் அவளை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்திருந்தேன். அவர்களுக்கு ஒரே மகள். ஸ்கூட்டரில் வேலைக்குப் போய்வருகிற பெண். ஒரு மருந்துக் கம்பெனியின் கிடங்கில் கணக்கு பார்க்கிறாள். கலகலவென்று பேசுகிறவள். எங்களைப் பார்த்ததும் சித்தப்பா, சித்தி என்று ஒட்டிக்கொண்டாள். அடுத்த வாரம் அவளைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று அக்கா என் காதில் சொன்னாள்.

கூடத்துச் சுவரில் ஒரு பெரிய புகைப்படம். நடுவில் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் கொள்ளுத்தாத்தா, இரண்டு பேருக்கும் பொதுவானவர். பக்கத்தில் நிற்கும் இரண்டு பையன்கள் இரண்டு தாத்தாக்கள். பையன்கள் கேமராவைப் பார்க்கிறார்கள். கொள்ளுத்தாத்தா மட்டும் தலையை ஒரு பக்கமாக உயர்த்தித் திருப்பி, எங்கோ பார்க்கிறார்.

"ராஜப் பார்வை!" என்றார் கடைக்காரர். "எங்க வம்சத்துக்கே அதுதான் பேரு. எவனையும் ஓரக்கண்ணால பாக்க மாட்டோம். பாக்கணும்னா முழுசாத் திரும்பித்தான் பாப்போம். கேமராக்காரனையே மதிக்காம உக்காந்திருக்காரு பாரு தம்பி! எங்க அப்பாவும் இப்படித்தான். என் பொண்ணுக்கும் இப்ப வந்திருக்கு. இந்த ஒரு வருஷமாத்தான். ஏய், திரும்பு, சித்தப்பா பாக்கட்டும்."

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே திரும்பிக் காட்டினாள். முகவாய், மூக்கு, முகம். என் வீட்டுக்காரர் முகத்தில் ரத்தமே இல்லை.

அதற்கப்புறம் அவரை யாராலும் உட்கார வைக்க முடியவில்லை. நாற்காலியை இங்கே இழுத்தார், முக்காலியை அங்கே தள்ளினார். காப்பி வந்ததும் தட்டை அக்காவிடமிருந்து வாங்கிக்கொண்டு, "நான் குடுக்குறேன்" என்று புறப்பட்டார். எனக்குப் புரிந்துவிட்டது. இவர் ஒவ்வொருவர் பக்கத்திலும் ஓரமாகப் போய், சத்தமில்லாமல் கோப்பையை நீட்டுகிறார். அக்கா சட்டென்று வாங்கிக்கொண்டாள். கடைக்காரர் பேசிக்கொண்டே இருந்தார். கோப்பை காதோரத்தில் ஆவி விட்டுக்கொண்டு நின்றது, அவர் பார்க்கவில்லை. "அண்ணே, காப்பி" என்றதும் திரும்பினார். பெண்ணின் வலது பக்கம் நீட்டினார், உடனே கை வந்தது. கொடுக்காமல் இழுத்துக்கொண்டு இடது பக்கம் போனார். அவள் வெறும் கையை வலது பக்கம் நீட்டியபடி, "எங்க போனாரு சித்தப்பா?" என்று கேட்டாள்.

"என்ன தம்பி, விளையாடுற?" என்று கடைக்காரர் சிரித்தார். அக்காவும் சிரித்தாள். நான் சேலைத் தலைப்பைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சொல்லித் தொலையுங்களேன் என்று மனசுக்குள் கத்தினேன்.

கடைக்காரர் ஏதோ எடுக்க எழுந்தார். இவர் இடம் மாற்றிப் போட்ட முக்காலியில் காலை இடித்துக்கொண்டு குப்புற விழப்போனார். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றவருக்கு முகம் சிவந்துவிட்டது. "யாரு இத இங்க வெச்சது? இந்த வீட்டுல எத்தனை தடவ சொல்றது, எடுத்தா எடுத்த இடத்துல வைக்கணும்னு!"

"நான்தாண்ணே வெச்சேன்" என்றார் இவர். "உங்களுக்குத் தெரியலை. எனக்கும் இப்படித்தான் தெரியாது. அண்ணே, இது ராஜப் பார்வை இல்ல. நோய்."

கொட்டிவிட்டார். சைக்கிள்காரர், கிண்ணக் கருவி, டாக்டரம்மா, வேன் எல்லாவற்றையும், நடந்துகொண்டே, மூச்சு விடாமல். கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்த ஒரு வார்த்தைகூட அதில் இல்லை. கடைசியில் பெண்ணைக் காட்டி, "இவளுக்கும் இருக்குண்ணே. இன்னைக்கே காட்டணும். அதுவரைக்கும் ஸ்கூட்டரத் தொட விடாதீங்க" என்றார்.

அக்காதான் முதலில் வாயைத் திறந்தாள். "தம்பி, அடுத்த வாரம் அவங்க வர்றாங்க. கல்யாணம் முடியட்டும். அதுவரைக்கும் இந்தப் பேச்சு வெளிய போக வேண்டாம். உங்களக் கும்பிட்டுக் கேக்குறேன்."

"கல்யாணத்துக்கு அவ இருக்கணும்ல அக்கா!" என்று நான் கத்திவிட்டேன். எனக்கு அடக்கத் தெரியாது. சொன்ன பிறகுதான் அது எப்படிப்பட்ட வார்த்தை என்று உறைத்தது.

கடைக்காரர் கையை ஓங்கி வாசலைக் காட்டினார். "இத்தனை வருஷம் கழிச்சு வந்து எங்க வம்சத்தையே நோய்க் கும்பல்னு சொல்றதுக்காடா வந்த? எங்கப்பா என்ன, எங்க தாத்தா என்ன, எல்லாரும் குருடனுங்களா? உங்கப்பன் வீட்ட உடைச்சுட்டுப் போனான், நீ மிச்சத்த உடைக்க வந்தியா? வெளிய போ."

போனோம். வேறென்ன செய்வது? எனக்கு அவமானத்தில் காது சுட்டது. இவர் கேட்டைத் தாண்டிப் பத்தடி போனதும் நின்றார். "மருந்துப் பை" என்றார். கண்ணில் விடும் சொட்டு மருந்தை அவர் எங்கே போனாலும் ஒரு சின்னப் பையில் எடுத்துப் போவார். அதை உள்ளேயே வைத்துவிட்டார். "நான் போய் வாங்கிட்டு வர்றேன், நீங்க நில்லுங்க" என்றேன். கேட்கிற ஆளா? எனக்கு முன்னால் விறுவிறுவென்று திரும்பி நடந்தார்.

அதற்குள் கடைக்காரர் எங்களைப் பார்க்கவோ, கேட்டைச் சாத்தவோ, வாசலுக்கு வந்திருந்தார். கேட்டுக்கு நேரே தெருவைப் பார்த்தபடி நின்றார். அந்தப் பெண் ஸ்கூட்டர் சாவியோடு படியில் நின்றுகொண்டிருந்தாள். அக்கா அவளுக்குப் பின்னால். என் வீட்டுக்காரர் பக்கவாட்டுச் சின்னக் கதவு வழியாக உள்ளே நுழைந்து, கடைக்காரருடைய தோளுக்குப் பக்கத்தில் போய் நின்றார். கையை நீட்டினால் தொடும் தூரம். மன்னிப்புக் கேட்கப் போனாரோ, பையைக் கேட்கப் போனாரோ, வாய் வரவில்லை, சும்மா நின்றார்.

கடைக்காரர் தெருவைப் பார்த்துக்கொண்டே மகளிடம் கேட்டார். "போய்த் தொலைஞ்சானா அவன்?"

அக்கா மகளின் தோளைப் பிடித்தாள்.

"கேக்குறேன்ல, போயிட்டானா?"

அந்தப் பெண் தன் அப்பாவைப் பார்த்தாள். அவர் தோளருகே நின்றிருந்த சித்தப்பாவைப் பார்த்தாள். அவள் முகம் மாறியதை நான் கேட்டுக்கு வெளியிலிருந்தே பார்த்தேன்.

"அப்பா," என்றாள், "சித்தப்பா உங்க பக்கத்துலதான் நிக்கிறாரு."

அவர் திரும்பினார். மெதுவாக, முகவாய், மூக்கு, முகம். ஒரு முழம் தள்ளி இவர் நின்றுகொண்டிருந்தார். கடைக்காரரின் வாய் திறந்து, அப்படியே நின்றது. கோபம் எல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. பயந்துபோன குழந்தை மாதிரி இவருடைய சட்டையைத் தொட்டுப் பார்த்தார்.

அந்தப் பெண் படியிறங்கி வந்தாள். "சித்தப்பா, எனக்குப் பாத்துச் சொல்லுங்க."

"வேண்டாம்டி" என்றாள் அக்கா.

"சும்மா இரும்மா."

இவர் அவளை நேராக நிற்க வைத்தார். "சித்தி மூக்கையே பாரு. அசையக் கூடாது. இடது கண்ணப் பொத்திக்கோ." அவளுடைய வலது பக்கம் கையைக் கொண்டுபோய் இரண்டு விரலைக் காட்டினார். "ரெண்டு" என்றாள். கொஞ்சம் பின்னால் கொண்டுபோய் மாற்றினார். "மூணு" என்றாள், சிரித்தாள். எனக்கும் உயிர் வந்தது.

"இப்ப வலது கண்ணப் பொத்திக்கோ."

பொத்திக்கொண்டாள். என் மூக்கையே பார்த்தாள். பெரிய, அழகான கண். நான் சிமிட்டாமல் நின்றேன். இவர் இடது பக்கம் கையைத் தூக்கினார். அவள் பேசாமல் நின்றாள். இவர் விரல்களை ஆட்டினார், அப்புறம் முழுக் கையையும் ஆட்டினார், பேருந்தை நிறுத்தக் கை காட்டுகிறவர் மாதிரி. கடைக்காரர் அந்தக் கையைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், மறுபடி கையைப் பார்த்தார்.

"ம்... தூக்குங்க சித்தப்பா" என்றாள் அவள். "ஏன் இன்னும் தூக்கல?"

இதே மாதிரிக் கேள்வியை இவர் வாயிலிருந்து நான் ஆஸ்பத்திரிக் கதவோரம் நின்று கேட்டிருக்கிறேன். அன்றைக்கு அழாதவள், இன்றைக்கு அந்தத் தெருவில் நின்று வாய்விட்டு அழுதேன். என் அழுகையைக் கேட்டுத்தான் அந்தப் பெண் கையை எடுத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். இவருடைய கை அப்போதும் அவள் காதோரத்தில் தூக்கியபடியே இருந்தது.

கடைக்காரர் மகளிடம் வந்தார். அவள் கையிலிருந்து ஸ்கூட்டர் சாவியை வாங்கிச் சட்டைப் பைக்குள் போட்டார். "எந்த பஸ்ஸுல போகணும்?" என்று என் வீட்டுக்காரரைக் கேட்டார்.

ஐந்து பேரும் பேருந்தில்தான் போனோம். கண்டக்டர் நெட்டை. எங்களைக் கூட்டமாகப் பார்த்ததும் ஏதோ கிண்டல் சொல்ல வாயெடுத்து, இவர் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டார். வழியில் கடைக்காரர், யாரையும் பார்க்காமல், "எங்கப்பா மாடிப்படியில விழுந்துதான் போனாரு. கால் தவறிடுச்சுன்னு நினைச்சோம்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "உங்கப்பா ஏன் எழுந்து போனாரு தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியாதுண்ணே."

"தண்ணிக் குடத்தைக் காலால தட்டி உடைச்சிட்டாரு. அதுக்கு முந்தின நாள் விளக்கு. அதுக்கும் முந்தி என்னத்தையோ. சாப்பிட்டுக்கிட்டு இருக்கும்போது அவங்க அப்பா முதுகுல ஒண்ணு வெச்சு, கண்ண எங்கடா வெச்சுட்டு நடக்குறன்னு கேட்டாராம். எழுந்தவருதான். எங்க வீட்டுல இதச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம், கவனம் இல்லாதவன்னு."

என் வீட்டுக்காரர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தார். மாமனார் கடைசி வரை தன்னைக் கவனம் இல்லாதவன் என்றுதான் நினைத்துக்கொண்டு இருந்திருப்பார். எனக்கு அதை நினைத்தால் இப்போதும் ஆறவில்லை.

பெண்ணுக்கு இடது கண்ணில் பாதி போயிருந்தது. வலது கண் முழுசாக இருந்தது. "இதக் காப்பாத்திடலாம். நல்ல வேளை, கூட்டிட்டு வந்தீங்க" என்றார் டாக்டரம்மா. கடைக்காரருக்கு நேராகத் தெரியும் ஒரு சின்ன வட்டம்தான் மிச்சம். பெண் பார்க்க வருவதாக இருந்தவர்களிடம் அந்தப் பெண்ணே போனில் உள்ளதைச் சொன்னாள். அவர்கள் வரவில்லை. அக்கா அன்றைக்கு முழுக்க அழுதாள். என்மேல் அவளுக்கு இன்னும் வருத்தம் இருக்கிறது, இருக்கட்டும். அந்தப் பெண் இப்போது பேருந்தில் வேலைக்குப் போகிறாள். அந்த வண்டியைக் கூண்டிலிருந்து இவர் ஒரு நொடிகூடத் தாமதமாக அனுப்புவதில்லை.

போன வாரம் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தோம். கடைக்காரர் சொந்தத்தில் இன்னும் யார் யாரைப் பிடிக்க வேண்டும் என்று இவர் கூடத்தில் நடந்துகொண்டே பேசிக்கொண்டிருந்தார். அத்தை மகன் ஒருவர் லாரி ஓட்டுகிறாராம். அந்தப் பெயரைக் கேட்டதிலிருந்து இவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. கடைக்காரர் எழுந்தார். சுவரிலிருந்து கொள்ளுத்தாத்தா படத்தை இறக்கி, மூக்குக்கு நேரே பிடித்து, மிச்சமிருக்கும் அந்தச் சின்ன வட்டத்துக்குள் வைத்து, வெகுநேரம் பார்த்தார்.

"தம்பி, இங்க வா" என்றார். "இவரு கேமராக்காரன மதிக்காம உக்காந்திருக்கலடா. அவன் எங்க நிக்கிறான்னு தேடிக்கிட்டு இருந்திருக்காரு."

என் வீட்டுக்காரர் நடையை நிறுத்தினார். அவர் பக்கத்தில் போய், நாற்காலியை இழுத்துப் போடாமல், இருந்த இடத்திலேயே வைத்து உட்கார்ந்தார்.